ஆறு மணி வகுப்பு

"முப்பத்தொரு கையெழுத்து மேடம். எண்ணிப் பாத்துக்கோங்க."

மூர்த்தி காகிதத்தைத் தலைமையாசிரியையின் மேசைமேல் அடித்து வைத்தான். கையெழுத்துப் போட்ட முப்பத்தொரு பேரில் அவனோடு உள்ளே வந்தது நாலே பேர். அவர்களும் கதவோரமாக நின்றார்கள், சட்டென்று வெளியே போக வசதியாக. கையெழுத்துக்குக் கால் கிடையாது, ஆளோடு நடந்து வராது.

தலைமையாசிரியை அமிர்தவள்ளி படித்துப் பார்த்தார். பத்தாம் வகுப்புப் பெண்களுக்குக் காலை ஆறு மணிக்கு நடக்கிற படிப்பு வகுப்பை நிறுத்த வேண்டும், பிள்ளைகளுக்குத் தூக்கமே இல்லை என்று எழுதியிருந்தது.

"ஆறு மணிக்கு யாரும் பாடம் நடத்துறதில்லையே மூர்த்தி. அவங்களே உக்காந்து படிக்கிறாங்க. ஒரு டீச்சர் கூட இருக்காங்க, அவ்ளோதான்."

"அதுக்கு இன்னாத்துக்கு இங்க வரணும்? வயசுப் பொண்ணு எட்டு மணி நேரமாவது தூங்கணும்னு எங்க தோல் டேனரிக்கு வந்த டாக்டரம்மா சொன்னாங்க. எம்பொண்ணு போன வாரம் சைக்கிள் மேலயே தூங்கிப் போய் செவுத்துல மோதிச்சு. முட்டியில ஆறு தையல். செவுறா இல்லாம அது லாரியா இருந்தா?"

அமிர்தவள்ளி கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ஷர்மிளா ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்குறா?"

"எனக்கு எப்படி மேடம் தெரியும்? நான் ரெண்டாவது ஷிஃப்ட்டு. வூட்டுக்கு வரும்போது பன்னெண்டரை ஆய்டும். பொண்ணு மூஞ்சிய நான் பாக்குறதே அப்பதான். சூடா ரெண்டு பரோட்டா வாங்கினு வந்து, எழுப்பி உக்கார வச்சி என் கையால ஊட்டுவேன். ஒரு வாய் வச்சா மறு வாய்க்குள்ள உக்காந்தமேனிக்கே தூங்கிப் போய்டுது. இன்னிக்கு இன்னா படிச்சேன்னு கேட்டா பதில் சொல்லக்கூட தெம்பு இல்ல. அப்படிப்பட்ட பொண்ண காலங்காத்தால கூப்ட்டு வச்சி வாட்டுறீங்களே, உங்களுக்கே நாயமா?"

"காலையில எப்ப எழுந்துக்குறா?"

"அவங்கம்மா நாலரைக்கே எழுந்து மிக்ஸி போட்டுடுவா. ஆறு மணிக்கு ஷூ கம்பெனி பஸ்ஸைப் புடிக்கணும் இல்ல? இருக்கறது ஒரே ரூமு. நான் பொணமாட்டம் தூங்குவேன், எனக்கு ஒண்ணும் தெரியாது."

கதவோரத்தில் யாரோ சிரித்தார்கள். அமிர்தவள்ளி அந்தப் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் நிறுத்தணும்னுதான் சொல்றீங்களா?"

முதல் கையெழுத்து நயீம் அகமதுவுடையது. மூர்த்தியோடு ஒரே டேனரியில் பதினோரு வருஷம் வேலை செய்தவன். போன ஞாயிற்றுக்கிழமை பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கிப் போட்டவன். இப்போது தொப்பியைக் கழற்றி, உதறி, மறுபடி தலையில் வைத்துக்கொண்டான்.

"இன்னா பாய், சொல்லு."

"கோச்சுக்காத மூர்த்தி. க்ளாஸு இருக்கட்டும்."

"அடப்பாவி! ‘உடாத மூர்த்தி, நான் இருக்கேன்’னு நீதானே சொன்ன?"

"சொன்னேன். வூட்டுக்குப் போனா எம்பொண்ணு ஹீனா சாப்பிடாம உக்காந்துனுருக்கா. க்ளாஸை நிறுத்துனா என்னாண்ட பேச மாட்டாளாம். பேஜாரு. நான் இன்னா பண்ண?"

மற்ற மூன்று பேரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். அது சுற்றவில்லை.

"எல்லாரும் போங்க. எம்பொண்ணுக்கு நான் ஒருத்தன் போதும்" என்றான் மூர்த்தி.

அமிர்தவள்ளி மேசை டிராயரைத் திறந்து இன்னொரு காகிதத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தார். "ஆறு மணி வகுப்பை நிறுத்தவே கூடாதுன்னு பசங்க எழுதிக் குடுத்தது. நேத்துதான் வந்தது."

மூர்த்திக்குப் படிப்பு கம்மி. ஆனால் அந்த எழுத்து அவனுக்குத் தெரியும். ரேஷன் கடைக்கும் பேங்குக்கும் அவன் வீட்டிலிருந்து போகிற காகிதம் எல்லாவற்றையும் நிரப்புவது அந்தக் கைதான். கடிதம் முழுக்க ஷர்மிளாவின் எழுத்து. முதல் பெயரும் அவளுடையது.

அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு வந்தாள். கண்ணுக்குக் கீழே மை பூசியதுபோல் கறுத்திருந்தது.

"இத நீயா எழுதின?"

"ஆமாம்ப்பா."

"யாரு எழுதச் சொன்னது? இவங்களா?"

"யாரும் சொல்லல. நானாதான் எழுதினேன்."

மூர்த்தி பக்கத்திலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். "நாலு நாளா என் தூக்கத்த உட்டுட்டு ஒவ்வொருத்தன் வூட்டுப் படியா ஏறி இறங்கினேன். யாருக்காக? நீ பள்ளிக்கூடத்துல உக்காந்துனு என் முதுகுல குத்துற."

"உடு மூர்த்தி, சின்னப் பொண்ணு" என்றான் நயீம்.

"நீ வாய மூடு பாய். நீ வெளியாளு, மாத்திப் பேசுவ. இவ நான் பெத்தது." அவன் கண் கலங்கிவிட்டது. மகளிடம் திரும்பினான். "சொல்லு. அப்படி இன்னாதான் படிக்கிற அந்த ஆறு மணிக்கு?"

"படிக்கலப்பா. பெஞ்சு மேல தலைய வச்சித் தூங்குறேன். டீச்சர் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"தூங்கவா? அத வூட்ல தூங்கித் தொலைய வேண்டிதானே!"

ஷர்மிளா அப்போதுதான் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"இங்க யாரும் என்னை எழுப்ப மாட்டாங்கப்பா."