வியாழக்கிழமை அம்மா

"தம்பிக்கு என்ன மாத்திரை எழுதியிருக்காரு?"

பக்கத்தில் இருந்த அம்மா இப்படிக் கேட்டதும், தானியேல் மருந்துச் சீட்டைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டான். முன்பின் தெரியாதவனிடம் கேட்கிற கேள்வியா இது?

பாளையங்கோட்டையில் அந்த நரம்பு டாக்டர் வியாழக்கிழமை மட்டும்தான் பார்ப்பார். மதுரையிலிருந்து வருவார். அதனால் பெஞ்சில் எப்போதும் கூட்டம். அந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். பெயர் பிரம்மநாயகி. அவனுக்கு முன்னால் இரண்டு பேரிடம் விசாரித்து முடித்துவிட்டுத்தான் இவனிடம் வந்திருந்தார்.

ஊர் வம்பு போதாதென்று ஆஸ்பத்திரி வம்பும் வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான் தானியேல்.

அவனுக்கு ஜங்ஷன் பக்கம் ஒரு பார்சல் ஆபீஸில் வேலை. இரண்டு வருஷமாகப் பகலில் தூக்கம் தள்ளியது. பில் எழுதும்போதே தூங்கினான். நின்றுகொண்டும் தூங்கினான். மேலப்பாளையத்துக்குப் போகவேண்டிய நூல் மூட்டைகளை ஆழ்வார்திருநகரி லாரியில் ஏற்றிவிட்டான். குடிக்கிறான் என்று பேசிக்கொண்டார்கள். முதலாளி அவனைக் கவுண்டரிலிருந்து எடுத்து குடோனில் போட்டார். அடுத்த தப்புக்கு வேலை போய்விடும் என்றும் சொல்லிவிட்டார்.

டாக்டர்தான் இது நோய் என்றார். விழித்திருக்க ஒரு சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தார். ஒரு வாரம் போட்டதில் தூக்கம் குறைந்தது. ஆனால் நெஞ்சு படபடவென்று அடித்தது. சோறு இறங்கவில்லை. அது போதை மாத்திரை, பழகிவிட்டால் விடாது என்று மைத்துனன் ஜேசுதாசன் வேறு பயமுறுத்தினான். மாத்திரை வேண்டாம் என்று சொல்லத்தான் இன்று வந்திருந்தான்.

"சிரிச்சா முட்டு விட்டுப் போகுதா தம்பி?" அந்த அம்மா மெல்லக் கேட்டார்.

தானியேல் திரும்பிப் பார்த்தான். அவன் அதை மனைவி தெரசாவிடம்கூடச் சொன்னதில்லை. யாராவது வேடிக்கையாகப் பேசிச் சிரித்துவிட்டால், முழங்கால் துணிபோல மடங்கி அவன் கீழே உட்கார்ந்துவிடுவான்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் இந்தத் தூக்கம்தான். மாத்திரை மட்டும் வேற. மஞ்சளா இருக்கும். மெட்ராஸ்ல இருந்து வரவழைக்கணும்."

அதற்குப் பிறகு அவனாகவே எல்லாம் சொன்னான். சொல்லச் சொல்ல ஆசுவாசமாக இருந்தது. அவன் மாத்திரையின் வேகம் நாலு மணி நேரம் நிற்கும். மத்தியானம் தூக்கம் மொத்தமாக வந்து விழும். தன்னுடையது பொழுதடையும் வரை நிற்கும், ஆனால் நாக்கு வறண்டுவிடும், முதல் பத்து நாள் நெஞ்சு மத்தளம் கொட்டும், அப்புறம் தானாக அடங்கிவிடும் என்றார் அவர். பசி போகிறதே என்றான். சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடலாமா என்று டாக்டரிடம் கேட்கச் சொன்னார். அவன் யோசித்திராத கேள்வி அது.

"நிறுத்தணும்னு நினைக்கேன்மா."

அவர் அவன் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"நெஞ்சு அடிக்கிறதைச் சொல்லுங்க, பசி இல்லாததைச் சொல்லுங்க. அளவைக் கூட்டுறதும் குறைக்கிறதும் அவரு பாத்துக்கிடுவாரு. நீங்களா மட்டும் நிறுத்திராதீங்க."

தானியேல் உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னான். டாக்டர் அளவைக் குறைத்து, வேளையை மாற்றி எழுதினார். மூன்றாம் வாரம் படபடப்பு அடங்கியது.

அப்புறம் வியாழக்கிழமைகளில் அவன் அந்த அம்மாவைத் தேட ஆரம்பித்தான். இரண்டு பேரும் மாத்திரைக் கதைகளை ஒப்பிட்டுப் பேசுவார்கள். காப்பி குடித்தால் என்ன ஆகிறது, எந்த மாத்திரையில் கோபம் வருகிறது, எதில் ராத்திரித் தூக்கம் கெடுகிறது. நோயைப் பற்றிப் பேச ஓர் ஆள் இருப்பதே பாதி மருந்துபோல இருந்தது.

ஆறாம் மாதம் முதலாளி அவனைத் திரும்பவும் கவுண்டரில் உட்காரவைத்தார்.

அந்த வாரம் கடையில் அவன் மாத்திரை கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனபோது பெஞ்சில் அந்த அம்மா ஒரு கல்லூரிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார். இடையில் போக மனமில்லாமல், கம்பவுண்டர் சங்கிலிபூதத்தானிடம் போனான்.

"அண்ணாச்சி, அந்தம்மா போடுத மஞ்சள் மாத்திரை பேரு என்ன? எனக்கு அது ஒத்துக்கிடுமான்னு டாக்டர்கிட்ட கேக்கணும்."

"எந்தம்மா? பிரம்மநாயகியம்மாவா? அவங்க பேருல இங்கன நோயாளிச் சீட்டே கிடையாதே வே."

தானியேலுக்குப் புரியவில்லை.

"நோய் அவங்க வீட்டுக்காரருக்கு. கேட்டுத் தெரிஞ்சுக்கிட ஆளில்லாம, நெஞ்சு அடிக்குன்னு பயந்து, ஒன்பது நாளோட மாத்திரையை நிறுத்திட்டாரு. பத்தாம் நாள் சைக்கிள்லயே தூங்கி, பாளையங்கால்வாய்ல விழுந்து செத்துப்போனாரு. நாலு வருசமாச்சு."

"ஆனா அம்மா எல்லாம் சொன்னாங்களே... நாக்கு வறளுது, பொழுதடையும் வரை நிக்குன்னு..."

"முத ஒன்பது நாள் அவரு பட்டது. மிச்சமெல்லாம் இந்தப் பெஞ்சில உக்காந்து, வாரவங்க போறவங்ககிட்ட விசாரிச்சுச் சேத்து வச்சது."

கம்பவுண்டர் சீட்டுக் கட்டை அடுக்கியபடியே சொன்னார்:

"வியாழக்கிழமை விடிஞ்சதும் வந்திருவாங்க. என்கிட்ட கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். 'இன்னைக்கு இந்தத் தூக்கத்துக்கு மாத்திரை வாங்கப் புதுசா யாரும் வந்திருக்காங்களா?'"