சூடு பத்தவில்லை

அவள் ரப்பர் பையைத் தன் முன்கையில் வைத்துப் பார்த்தாள்.

சுட்டது.

குப்புறப் படுத்திருந்தவனோ, தண்ணீர் ஆறிப்போயிருக்கிறது என்றான்.

பூங்கோதைக்குப் புரியவில்லை. இப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கி ஊற்றினாள். பாத்திரத்தில் மிச்சத் தண்ணீர் இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

செங்கோடனுக்கு இடுப்பு வலி புதிதில்லை. லாரி ஓட்டிவிட்டு வருவான். வந்ததும் பாயில் விழுவான். அவள் ஒத்தடம் கொடுப்பாள். அப்பாடா என்பான். எழுந்து சாப்பிடுவான்.

இன்று அந்த அப்பாடா வரவில்லை.

தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி கொதிக்க வைத்தாள்.

பைக்கு அடியில் இருக்கும் துண்டை எடுத்துவிடச் சொன்னான். எடுத்தாள்.

அப்போதும் சூடு பத்தவில்லையாம்.

பை பழசோ. ரப்பர் தடித்துவிட்டதோ. கை மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தாள். விரல்கள் சிவந்தன. ஏதாவது கோபத்தில் இப்படிச் சொல்கிறானோ? மத்தியானம் போனில் நன்றாகத்தான் பேசினான்.

பையைத் தூக்கினாள்.

இடுப்பின் வலப்பக்கம் தோல் கன்றிச் சிவந்திருந்தது. நடுவில் ஒரு கொப்புளம், நீர் கோத்துக்கொண்டு.

இவ்வளவு சுட்டிருக்கிறது. ஒரு முனகல்கூட இல்லை.

சாயங்காலம் வலது காலில் மட்டும் செருப்போடு சமையலறை வரை வந்துவிட்டான். அவள் சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தான். களைப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

பிரேக் மிதிக்கிற கால்.

விடிந்தால் ஊட்டிக்கு முட்டை லோடு. மலை ஏற வேண்டும். இறங்கவும் வேண்டும்.

போன வருஷம் கூட்டாளி ஒருவன் இதே இடுப்பு வலிக்கு டாக்டரிடம் போனான். இனி வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது பெட்ரோல் பங்கில் டயருக்குக் காற்றடிக்கிறான். அதிலிருந்து இந்த வீட்டில் டாக்டர் பேச்சே கிடையாது.

என்ன சத்தத்தையே காணோம் என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றாள்.

பாயோரம் உட்கார்ந்து அவன் வலது தொடையை அழுத்தினாள்.

"தெரியுதுங்களா?"

"ம்."

கெண்டைக்காலைக் கிள்ளினாள். நகம் பதிகிற அளவுக்கு.

"இங்க?"

"தெரியுது புள்ள."

பதில் கொஞ்சம் பிந்தி வந்தது. இல்லை, அவளுக்குத்தான் அப்படித் தோன்றியதோ.

கையை எடுத்தாள். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்போ?"

தலையணையில் புதைந்திருந்த முகம் திரும்பவில்லை.

"மெதுவா புள்ள," என்றான். "வலிக்குது."