ஊமைக்கோட்டான் வீட்டில் ஒரு பெண்குரல்

சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சமையலறை அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அலமாரி அந்தச் சுவரில் இருப்பதற்கு நான் என்ன செய்ய முடியும்?

சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் மெக்கானிக்கின் வீடு. அங்கே ஒரு பெண் பேசினாள்.

"விழுந்துட்டியா? பரவாயில்ல, எழுந்து வா. நான் இங்கதான் இருக்கேன்."

தேன் ஒழுகும் குரல். அவருடைய மனைவியோ ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள்.

ஒரு வாரமாக இதே கூத்து. காலையில் ஆஸ்பத்திரிக்கு ஓர் எட்டு போய்வருவார். வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். வேலைக்கு லீவு போட்டிருக்கிறாராம். அவரைப் பார்த்து எங்கள் கட்டடத்து லிஃப்டும் லீவு போட்டுவிட்டது. நாங்கள் பையும் கையுமாக மூச்சிரைக்கப் படியேறுகிறோம். லிஃப்ட் மெக்கானிக் உள்ளே உட்கார்ந்து வீடியோ கேம் ஆடுகிறார்.

சினிமா பக்கமே தலைவைத்துப் படுக்காத மனிதர் அவர். இப்போது பேய்ப் படம், பொம்மைப் படம், வெளிநாட்டுக்காரர்கள் தமிழில் திட்டிக்கொள்ளும் படம், எதையும் விடவில்லை. அதையாவது ஒழுங்காகப் பார்க்கிறாரா? ஒரு கிழவி அழுதால், பின்னால் ஓட்டி அதே அழுகையை இன்னொரு தரம் கேட்கிறார். சூனியக்காரி சிரித்தால் அந்தச் சிரிப்பையும்.

மனைவிக்கு என்ன ஆபரேஷன் என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லை. கர்ப்பப்பை என்றாள் கீழ்மாடித் தையல்காரி. பித்தப்பை என்றேன் நான்.

அந்த மனைவியும் லேசுப்பட்டவள் இல்லை, அழுத்தக்காரி. படியில் எதிரே வந்தால் ஒரு சிரிப்பு, ஒரு தலையாட்டல், அதோடு சரி. கொளுத்துகிற வெயிலிலும் கழுத்தைச் சுற்றித் துப்பட்டா. ஐஸ் தண்ணீரை நீட்டினால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவாள். ஏதோ ஸ்டூடியோவிலிருந்து கார் வந்து கூட்டிப்போகும். அங்கே கணக்கு எழுதுகிறாள் என்று நாங்களே முடிவுகட்டிக்கொண்டோம்.

ஊமைக்கோட்டான் என்று பெயரும் வைத்துவிட்டோம். வைத்தது தையல்காரி. மாடி மாடியாகக் கொண்டு சேர்த்தது நான்.

அந்த ஊமைக்கோட்டான் வீட்டில்தான் இப்போது இன்னொருத்தி குரல்.

அது டிவியில் வருகிற சத்தமாக இருக்கும் என்றாள் தையல்காரி. படத்தில் வருகிறவள் ஒரே பேச்சை வாரம் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பாளா என்று கேட்டேன். அதற்குமேல் அவளுக்கும் இருப்புக்கொள்ளவில்லை. நேரிலேயே பார்த்துவிட்டு வந்துவிடு என்று என்னைப் பிடித்துத் தள்ளாத குறை.

லிஃப்டைச் சாக்காக வைத்துக்கொண்டு கதவைத் தட்டினேன்.

மெக்கானிக் திறந்தார். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. இருக்காதா பின்னே, ஒரு வாரம் டிவி.

அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.

சோபாவில் உட்கார்ந்திருந்தது அவருடைய மனைவி.

நான் பால் வாங்கப் போன நேரத்தில் வந்து சேர்ந்திருக்கிறாள். ஒரு வாரம் காவல் இருந்துவிட்டு, பார்க்க வேண்டிய அந்த ஒன்றைக் கோட்டைவிட்டிருக்கிறேன்.

கழுத்தில் துப்பட்டா இல்லை. கட்டுப் போட்டிருந்தது. கையில் கேம் ஆடுகிற ஜாய்ஸ்டிக். சமையலறை வரை கண்ணை ஓட்டினேன். வேறு யாரும் இல்லை.

டிவியில் ஒரு குட்டி உருவம் தத்தித் தத்தி ஓடிவந்து பள்ளத்தில் விழுந்தது. கையில் விளக்கோடு ஒரு பெண் வந்து குனிந்து பார்த்தாள்.

"விழுந்துட்டியா? பரவாயில்ல, எழுந்து வா. நான் இங்கதான் இருக்கேன்."

தேன் ஒழுகும் அதே குரல்.

"தொண்டைல கட்டி வந்துடுச்சுக்கா. குரலையும் சேத்து எடுத்துட்டாங்க." மெக்கானிக் டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இதுல பேசறது இவதான். ஒரு வாரமா ஓடுற படங்கள்லயும் டப்பிங் இவதான். வந்து பாரு வந்து பாருன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. பேச்சு இருந்த வரைக்கும் நான் ஒண்ணுகூடப் பாத்ததில்லக்கா."

கிழவி, குழந்தை, பேய், சூனியக்காரி. படியில் எங்களிடம் பேசாமல் மிச்சம்பிடித்ததையெல்லாம் ஒரு வாரமாக என் அலமாரிக்குப் பின்னால் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அந்த நேரம் பார்த்தா தையல்காரிக்குப் பொறுமை போக வேண்டும்.

"என்னக்கா, ஊமைக்கோட்டான் வீட்டுல யாரு அவ, பாத்தியா?"

கீழ்மாடியிலிருந்து படிக்கட்டு வழியாகச் சத்தம் கணீரென்று ஏறி வந்து, திறந்திருந்த கதவுக்குள் நுழைந்தது. லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தால் அந்த இரைச்சலில் அமுங்கியிருக்கும்.

மெக்கானிக் தலையைத் திருப்பவில்லை. அவள் திருப்பினாள். என்னைப் பார்த்தாள்.

படியில் எதிரே வரும்போது சிரிப்பாளே, அதே சிரிப்பு.

என்மீதிருந்து கண்ணை எடுக்காமலே கட்டைவிரலை அசைத்தாள். டிவியில் அந்தக் குட்டி உருவம் நேராகப் பள்ளத்தை நோக்கி நடந்து, தானாக விழுந்தது. விளக்குக்காரி வந்து குனிந்தாள்.

"விழுந்துட்டியா? பரவாயில்ல..."

சோபாவில் இருந்தவளின் உதடுகளும் கூடவே அசைந்தன. ஓர் எழுத்து முந்தவில்லை, ஓர் எழுத்து பிந்தவில்லை.