பலகை நுனி

மனைவி ராசாமணிக்குக் கீமோ ஊசி போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில், பூங்காவில் பிள்ளைகள் கூடுவதற்கு முன் குழந்தைவேலும் அவளும் சீசாப் பலகையில் எதிரெதிரே உட்கார்ந்துவிடுவார்கள். முதல் தடவை பலகையின் நுனியில் அவர். பருத்த உடம்புக்காரியான அவள், பலகை சமமாக நிற்கட்டும் என்று நடு இரும்புக்குக் கிட்டத்தில். "இன்னும் நாலு வாய் சேத்துச் சாப்புடுங்க" என்று சிரித்தாள்.

ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் அவள் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார வேண்டியிருந்தது. வீட்டிலிருந்த எடை மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்கள். இந்தப் பலகையை என்ன செய்வது? மழைக்காலம் முடிந்தபோது அவளும் நுனிக்கு வந்திருந்தாள். "இப்பத்தான் நாம சரிக்குச் சரி" என்றாள்.

இன்று அவள் உட்கார்ந்ததும் பலகை அவளை மேலே தூக்கிக்கொண்டது. கால் தரைக்கு எட்டவில்லை. திரும்பிப் பார்த்தாள். பின்னால் நகர இடமில்லை.

"ஏனுங்க, நீங்க கொஞ்சம் கிட்ட வாங்க."

அவர் ஒரு சாண் முன்னால் நகர்ந்தார். பலகை மெல்ல இறங்கிச் சமமானது.

"இன்னும் வரட்டுமா?"

"இன்னைக்கு இது போதுமுங்க."

தனக்கும் நடு இரும்புக்கும் இடையே எவ்வளவு பலகை மிச்சமிருக்கிறது என்று பார்த்துவிடாமல் இருக்க, அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.