பென்சிலுக்குத் தெரிந்த முகம்

படத்தைச் சுற்றியிருந்த செய்தித்தாளை இந்திராணி மெல்லப் பிரித்தாள்.

மழை அப்போதுதான் விட்டிருந்தது. நிக்கோபார் தீவின் கேம்பல் பேயில் கடலும் வானமும் இன்னும் பிரியாமல் ஒரே வெண்மையாகக் கிடந்தன. அந்த வெண்மை வாசல் வழியே உள்ளே வந்து படத்தின்மேல் படிந்தது.

அதை வரைந்து கொண்டுவந்த சிவஞானம் கண்களைத் தாழ்த்திக்கொண்டார்.

மறுநாள் அவள் தாயின் முதல் திதி. தாய் இறந்த செய்தியே, ஒரு மாதம் கழித்து, சென்னைக் கப்பலில் கடிதமாகத்தான் வந்து சேர்ந்தது. புகைப்படம் ஒன்றுகூடக் கிடையாது. அம்மாவின் முகம் நாளுக்கு நாள் கரைந்து வருகிறது, இன்னும் ஓர் ஆண்டு போனால் ஒன்றும் மிஞ்சாது, படையலுக்கு முன் வைக்க அதை வரைந்து தர வேண்டும் என்று, போன மாதம் பொதுப்பணித்துறை எழுத்தரான சிவஞானத்தின் முன் அவள் வந்து அமர்ந்திருந்தாள்.

அவரும் சரி என்று சொல்லிவிட்டார்.

சிவஞானத்தின் பென்சிலுக்கோ ஒரே ஒரு முகம்தான் தெரியும்.

நாற்பத்தைந்தாம் வயதில் வரையத் தொடங்கியவர் அவர். மூர் மார்க்கெட்டில் வாங்கி வந்த பழைய ஓவியப் புத்தகத்தில், தீவின் ஈரமும் கரையானும் தின்றது போக ஒரு பக்கமே எஞ்சியது. மேனாட்டு மேதை ஒருவர் பென்சிலால் தீட்டிய முதிய முகம் அதில் இருந்தது. கட்டம் போட்டு, மாலைக்கு ஒரு கட்டமாக, நான்கு ஆண்டுகள் அதையே அவர் நகல் எடுத்தார். கண்ணை மூடினால் இமைக்குள் அந்தச் சுருக்கங்கள் மிதந்தன. படகுத்துறையின் நனைந்த பலகையிலும், தென்னை மட்டையின் நாரிலும் அந்த முகமே எழுந்து அவரை நோக்கியது.

யாரை வரைந்தாலும் அதுவே வந்தது. இந்தக் கிளார்க் பாபு வரைந்தால் ஆட்டுக்கும் அதே கண்தான் என்று இந்திராணியின் கணவன், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற கோவிந்தராஜ், கடைத்தெருவில் சொல்லிச் சிரித்தது அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

இந்தப் படமும் அவ்வாறே அமைந்தது. அவள் சொன்ன மூக்குத்தியை வைத்தார், நடுவகிடு எடுத்தார், காதுகளைச் சற்றே தொங்கவிட்டார். நெற்றியும் கண்களும் கன்னமும் புத்தகத்தினுடையவை.

இது உன் தாய் அல்ல அம்மா என்று ஒப்புக்கொண்டுவிடவே வந்திருந்தார். அந்த வாக்கியத்தை வழிநெடுகச் சொல்லிச் சொல்லித் திருத்தியும் வைத்திருந்தார்.

இந்திராணியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த கோவிந்தராஜ் சிரிக்க வாயெடுத்தான். படத்தை நோக்கி நீண்ட அவள் விரலைக் கண்டு நிறுத்திக்கொண்டான்.

அந்த விரல் நெற்றியைக் கடந்தது. கண்களையும் நில்லாமல் கடந்தது. மோவாயில் வந்து நின்றது.

"தாவாங்கட்ட பில்குல், அப்படியே எங்கம்மாதான்" என்றாள்.

பிறகு படத்திடமே கேட்டாள்: "இவ்ளோ தூரம் கப்பல்ல எப்படிம்மா வந்த?"

திருத்தி வைத்த வாக்கியத்தைச் சொல்லாமலேயே சிவஞானம் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

வீடு திரும்பியவர் அந்தப் பழைய பக்கத்தை எடுத்து மடியில் விரித்தார். மேதை தம் முதுமையில், கண்ணாடி முன் அமர்ந்து, தம்மையே தீட்டிக்கொண்ட படம் அது. கன்னத்துக்குக் கீழே மார்புவரை வெண்தாடி வழிந்தது. அதன் அடியில் எத்தகைய மோவாய் இருந்ததென்று அந்த மேதை எவருக்கும் காட்டி வைக்கவில்லை.

அந்த ஓர் இடத்தில் மட்டும் சிவஞானத்துக்கு நகல் எடுக்க ஏதும் இருக்கவில்லை. தாயைப் பற்றிச் சொல்லிக்கொண்டே, அழுகை வந்துவிடாதபடி மோவாயை இறுக்கிக்கொண்டு எதிரில் அமர்ந்திருந்தாளே இந்திராணி, அவளைப் பார்த்து வரைந்திருந்தார்.