சாப்பிட்டதும் பல் தேய்ப்பவள்

அன்றைக்கும் சின்னவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

"போடி, போ. எத்தனை நாளைக்குன்னு நானும் பாக்கறேன்" என்றாள் அம்மா. சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் சாப்பாடு இறங்கவில்லை. பெற்ற வயிறாயிற்றே.

பதினாலு வயசுப் பெண். போன வாரம் வரைக்கும் சட்டியை வழித்துச் சாப்பிட்டவள்தான். திடீரென்று வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டால் தண்ணீரைக் குடித்துவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். அப்பா தலையைத் தடவிக் கேட்டார், கெஞ்சினார், கடைசியில் சத்தமும் போட்டார். அசைந்து கொடுத்தால்தானே.

"பெரியவளும் இவகூடப் பொறந்தவதானே?" என்று ஆரம்பித்தால் அம்மா லேசில் நிறுத்த மாட்டாள்.

பெரியவள் அப்படிப்பட்ட பெண். விடியும்போதே எழுந்து ஓடப் போவாள். நேரத்துக்குச் சாப்பாடு. எல்லாரோடும் உட்கார்ந்து, சிரித்துப் பேசிக்கொண்டே போட்டதைச் சாப்பிடுவாள். சாப்பிட்ட கையோடு குளியலறைக்குப் போய், கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்ப்பாள். ஒரு வேளைகூடத் தவறாது.

அம்மாவுக்குப் பெருமை பிடிபடாது. பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை அவளுக்கு. நாள் முழுக்கச் சொத்தைப் பல்லாகப் பார்த்துவிட்டு வருகிறவள். அங்கே வருகிற பிள்ளைகளிடமெல்லாம், எங்க வீட்டுல ஒருத்தி இருக்கா, மூணு வேளையும் தேய்ப்பா, பாத்துக் கத்துக்கோங்க என்று பீற்றிக்கொள்ளாத நாளில்லை.

போதாததற்குப் பள்ளிக்கூடத்திலும் வகை பிரித்துச் சொல்லிவிட்டார்கள். யாருக்கு என்ன சுபாவம், யார் எப்படிச் சாப்பிடுகிறார்கள், எப்படித் தூங்குகிறார்கள் என்றெல்லாம் கேள்வி கேட்டார்களாம். பெரியவள் பொறுப்பும் கட்டுப்பாடும் உள்ளவள், அவளைப் பற்றிக் கவலையே வேண்டாம். சின்னவள் உணர்ச்சிவசப்படுகிறவள், அடுத்தவர் கவனத்துக்கு ஏங்குகிறவள். நான் சொன்னதைத்தானே அவங்களும் சொல்றாங்க என்றாள் அம்மா.

அந்த வாரமே ஒரு நாள் சின்னவள் அடுப்படிக்கு வந்து, "அம்மா, இந்த அக்கா இருக்காளே..." என்று இழுத்தாள். அம்மா முடிக்க விடவில்லை. அவளைப் பத்திக் கோள் சொல்லாதே, இந்த வயசுல இவ்வளவு பொறாமை ஆகாது என்று வாயை அடைத்துவிட்டாள். மறுநாள் ஆரம்பித்ததுதான் இந்தச் சாப்பாட்டுச் சண்டித்தனம்.

கடைசியில் டாக்டரிடம் போகலாம் என்று முடிவானது. அதற்கும் சின்னவள் ஒரு நிபந்தனை போட்டாள். அக்காவும் வரணும். இல்லாவிட்டால் நகர மாட்டாள்.

பெரியவள் படிப்பு இருக்கிறது என்றாள், தலைவலி என்றாள். அப்பாதான், தங்கச்சிக்காகப் போயிட்டு வாம்மா என்று அனுப்பிவைத்தார்.

டாக்டரம்மா சின்னவளிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் அம்மாவே பதில் சொன்னாள். சுபாவம் முதல் பொறாமை வரை ஒன்று விடவில்லை. டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, நீங்க கொஞ்சம் வெளியே இருங்கம்மா என்றார்.

வெளியே பெஞ்சில் பெரியவள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். வெயிலில் ஊரே வேர்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் கம்பளிச் சட்டையை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். அம்மா பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து உரித்து நீட்டினாள்.

"அப்புறம் சாப்பிடறேம்மா. இங்க பல் தேய்க்க முடியாது."

அம்மாவுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. உன்னை மாதிரியே அவளும் இருந்துட்டா எனக்கு ஏது கவலை என்று சொல்லி, சுளைகளைத் தானே தின்றாள்.

கதவு திறந்தது. டாக்டரம்மா வெளியே வந்து நின்றார்.

"சின்னவளுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லை. பசிதான். பெரியவளை உள்ளே கூட்டிட்டு வாங்க."

"எனக்கென்ன? நான் நல்லாத்தானே இருக்கேன்" என்றாள் பெரியவள். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கை மட்டும் பெஞ்சை விடவில்லை.

உள்ளே டாக்டரம்மா அவளை வாயைத் திறக்கச் சொல்லி விளக்கை அடித்தார். வேலைப் பழக்கம், அம்மாவும் கூடவே குனிந்தாள். ஊரார் வாயையெல்லாம் பார்க்கிறவள் இந்த வாயைப் பார்த்து எத்தனையோ காலமாயிற்று. தேய்க்கிற பல்தானே என்று விட்டுவிட்டாள்.

முன்பற்களின் உள்பக்கம் பளபளப்பே இல்லை. அரித்து, மெலிந்து போயிருந்தது.

இந்த மாதிரிப் பல்லை அவள் பார்த்திருக்கிறாள். இப்படி ஒரு பிள்ளை வந்தால், பல் டாக்டர் கதவைச் சாத்தச் சொல்வார். சாத்துகிறவளே அவள்தான். பிறகு அவர் குரலைத் தணித்துப் பெற்றவர்களிடம் கேட்பார். பிள்ளை சாப்பிட்டதை எல்லாம் வாந்தி எடுக்கிறாளா, நீங்க கவனிச்சதே இல்லையா என்று. நாங்க கவனிக்கலையே டாக்டர் என்று அவர்கள் அழுவார்கள். என்ன பெத்தவங்களோ என்று அவள் மனசுக்குள் திட்டிக்கொள்வாள்.

குழாய்ச் சத்தம் எதற்கென்று இப்போது புரிந்தது. அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பெரியவள் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

சுவரோரமாக நின்ற சின்னவள் அக்காவின் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"சொல்ல வந்தேம்மா, நீ கேக்கலை. நான் சாப்பிடலைன்னாதானே நீ எங்களை டாக்டர்கிட்ட கூட்டிட்டு வருவே."

சின்னவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அதான் அக்காவைப் பாத்துட்டாங்களே. இனிமே நான் சாப்பிடலாமாம்மா?"