ஹோபார்ட்டை அனுப்புங்க

வெளியூர் மைதானத்தில் பேஸ்பால் ஆட்டத்தின் கடைசிச் சுற்று. புரூயிட்டின் அணிக்கு ஒரே ஓட்டம்தான் முன்னிலை. வழக்கம்போல் இதையும் கோட்டை விட்டால் பயிற்சியாளரான அவருக்கு வேலை போய்விடும்.

மறுகோடியில் மாற்று எறிவாளர்கள் இருவர் தயாராகிக்கொண்டிருந்தார்கள். அங்கிருக்கும் உதவிப் பயிற்சியாளர் டீக்கை, புரூயிட் தன் அணி உட்காரும் இடத்துச் சுவர் போனில் கூப்பிட்டார்.

"யோவ், முடிச்சுக் குடுக்க யாரை அனுப்பலாம்? லின்னா, ஹோபார்ட்டா?"

கூட்ட இரைச்சலுக்கு நடுவே பதில் கரகரத்தது. "ஹோபார்ட்டை அனுப்புங்க. இன்னிக்கு அவன் பந்து நெருப்பு!"

புரூயிட் களத்துக்குள் போய் இடது கையைத் தட்டிக் காட்டினார். இடக்கைக்காரன் ஹோபார்ட் வந்தான். அவனுடைய முதல் பந்தையே எதிரணிக்காரன் ஓங்கி அடிக்க, அது கூரையைத் தாண்டிப் பறந்தது. ஏற்கெனவே தளத்தில் நின்ற இன்னொருவனும் ஓடிவந்து சேர, இரண்டு ஓட்டம்; ஆட்டம் போயிற்று.

டீக் மூச்சிரைக்க ஓடிவந்தார். "பாஸ், புத்தி கெட்டுப்போச்சா? ஹோபார்ட்டுக்குத் தோளே தூக்க முடியல. எதிராளிக்குப் போக்குக் காட்டத்தான் அவனை எறிய விட்டேன்!"

"நீதானேய்யா போன்ல அவனைச் சொன்னே?"

"நானா? எங்க போன் அடிக்கவே இல்லையே!"

புரூயிட் சுவர் போனைத் திரும்பிப் பார்த்தார். அப்போது அதில் மணி அடித்தது. எடுத்தார்.

"நாளைக்கும் மறக்காம நம்மளையே கேளுங்க, பாஸ்."

எதிரணியின் எறிவாளர் கொட்டகையில் ஒருவர் ரிசீவரைக் காதில் வைத்தபடி இவருக்குக் கையாட்டிக்கொண்டிருந்தார்.